துளசிக்குப் பூச்சி விழுந்தால்

செல்வத்துக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பது ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது, ஆகையால் நலம் விசாரிப்பதில் தாளை வீணாக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அப்பா, பால்கனியில துளசி வச்சிருக்கேன், தண்டுல வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கு, என்ன பண்றது?" என்றாய். நான் பதில் சொல்லாமல் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். வாசலில் நின்றாலும் காது உள்ளேதான் இருந்தது. உன் அம்மா ஆசையாகக் கேட்டாள், "மருமக வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டாள்னா பிள்ளையப் பாத்துக்கிட நான் வரட்டுமாய்யா?" என்று. ஆள் ஏற்பாடு செய்தாகிவிட்டது என்றாய் நீ. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீ வந்து பாத்துட்டுப் போம்மா, ஆனா பாப்பாவுக்கு மட்டும் உன் கையால எதுவும் குடுத்துராத" என்று சொல்லிச் சிரித்தாய். அவளும் சிரித்தாள். "சரிய்யா, நீ சொல்லுததுதான் சரி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். உன் துளசிக்கும் இந்தப் பேச்சுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் இருக்கிறது, அதை நான் இருபத்துநான்கு வருஷமாகச் சொல்லவில்லை. போனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், அதைச் சாக்காக வைத்து நான் நிறுத்திவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். மருமகளும் படிக்கட்டும். உன் அத்தைக்கும் படித்துக் காட்டு. இது யாரிடமும் மறைக்க வேண்டிய கடிதம் இல்லை.

முதலில் செடியைப் பார்ப்போம். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து, தட்டில் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. துளசி என்ன எருமையா, தண்ணீரிலேயே கிடப்பதற்கு? தட்டை எடு. தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கும், ஒரு குச்சியை விட்டுக் குத்து. செம்மண், மணல், மக்கின சாணி மூன்றையும் கலந்து போட்டால் போதும், கடையில் விற்கிற தேங்காய்நார்த் தூளை மட்டும் நம்பாதே, அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வேரை அழுக வைக்கும். மேல்மண்ணில் விரலை வைத்துப் பார், காய்ந்திருந்தால் ஊற்று, இல்லையென்றால் அன்றைக்குச் சும்மா விடு. காலை வெயில் விழுகிற பக்கமாகத் தொட்டியை நகர்த்து. பூங்கதிர் எட்டிப் பார்க்கிறபோதே நுனியைக் கிள்ளிவிட வேண்டும், கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடித்து இலை அடர்த்தியாக வரும். கதிர் முற்றட்டும் என்று விட்டால் செடி விதைக்கே உழைத்துத் தண்டு கட்டையாகிப் போகும். ஒரு கதிரை மட்டும் முற்ற விட்டுக் காயவைத்துக் கசக்கினால் அடுத்த செடிக்கு விதை ஆயிற்று. விதையை ஆழமாகப் புதைக்காதே, மண்மேல் தூவி லேசாக மூடினாலே முளைத்துவிடும். பக்கத்துத் தொட்டியில் இடம் இருந்தால் திருநீற்றுப்பச்சிலையும் போடு. நீ சர்பத்தில் போட்டுக் குடிக்கிறாயே சப்ஜா விதை, அது அந்தச் செடியுடையதுதான். ஊறவைத்தால் வழவழவென்று உப்பும். இவ்வளவும் உன் அம்மா சொல்லிக் கொடுத்து எனக்குத் தெரிந்தது. வாழை எனக்குத் தெரியும், வீட்டுச் செடியெல்லாம் அவளுடையது.

இனி அந்த வெள்ளைப் பஞ்சு. அது மாவுப்பூச்சி. ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும், எறும்பு அதைச் சுமந்துகொண்டு போய் அடுத்த கிளையில் விடும். ரொம்பப் பிடித்த கிளையை வெட்டிக் கட்டித் தூரப் போடு. மீதியைப் பழந்துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடை. இரண்டு நாள் கழித்து வேப்பெண்ணெயை அதே சோப்புத் தண்ணீரில் கலக்கித் தெளி, மறுபடி துடை. போகவில்லை என்றால் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக விதை போடு, ஒரு துளசிச் செடி போனால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் கடைக்குப் போய் ஒரு பூச்சிமருந்தை வாங்கிவந்து அந்தத் தொட்டியில் ஊற்றிவிடாதே. மேலே ஊற்றினாலும் சரி, வேரில் ஊற்றினாலும் சரி, ஒரு சொட்டு ஆனாலும் சரி. ஊற்றக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நான் ஊற்றியவன்.

உனக்கு அப்போது எட்டு வயது. கல்லிடைக்குறிச்சிக்குத் தள்ளி, மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் பாய்கிற இடத்தில் நமக்கு வாழை இருந்தது உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பின்னால் ரொம்ப நாள் பிள்ளை இல்லாமல் இருந்து, கோயில் கோயிலாகப் போய், பிறகு பிறந்தவள் பேச்சி. ஒன்பது மாதம்தான் இருந்தாள். நீ அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றுவாய், அவள் உன் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டே வருவாள். உன் அம்மா சத்தம் போடுவாள், "ஏலே, பைய போ, பிள்ளையக் கீழ போட்டுறாத" என்று. பேச்சி எப்படிப் போனாள் என்று உனக்குச் சொல்லப்பட்டது ஒன்று. அம்மா இருமலுக்குத் துளசி பறிக்கும்போது பக்கத்தில் நின்ற ஊமத்தை இலையையும் சேர்த்துப் பறித்துவிட்டாள், அது விஷமாகிவிட்டது என்பது. ஊரே அதைத்தான் நம்பியது. உன் அம்மாவும் அதைத்தான் நம்பினாள். நடந்தது அது இல்லை.

வாழைத் தண்டைத் துளைக்கிற வண்டு ஒன்று உண்டு. உள்ளே போய்விட்டால் மரம் பார்க்க நன்றாகத்தான் நிற்கும், குலை தள்ளுகிற நேரத்தில் பாதியில் ஒடிந்து விழும். அதற்கு நாங்கள் மரத்துக்கு ஊசி போடுவோம். நீளமான ஊசி, மாட்டுக்குப் போடுகிறது மாதிரி. பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து, முழங்காலுக்கு மேலே ஒன்று, தலை உயரத்தில் ஒன்று என்று சரித்துக் குத்தி ஏற்றினால் அது மரத்தின் சாற்றோடு ஏறி வண்டைக் கொன்றுவிடும். வெளியே ஒரு தடயமும் இருக்காது. அன்றைக்கு ஊசி போட்டு முடித்தபோது கலக்கிய மருந்தில் அரைத் தம்ளருக்கு மிச்சம் இருந்தது. கீழே கொட்ட மனம் வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்கட்டில், குளிக்கிற கல்லுக்குப் பக்கத்தில், உன் அம்மா ஒரு பழைய சிமெண்டுத் தொட்டியில் துளசி வைத்திருந்தாள். அதில் மாவுப்பூச்சி விழுந்து ஒரு வாரமாகவே, "இந்தத் துளசிக்கு ஏதாச்சும் செய்யுங்களேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அந்த மிச்ச மருந்தை வேரில் ஊற்றினேன். துணியில் நனைத்துத் தண்டிலும் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். கையைக் கழுவினேன், சாப்பிட்டேன், படுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் இருக்கவில்லை. எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. வாழைக்கு ஊசி போட்டால் குலை வெட்ட இன்னும் எத்தனையோ மாதம் கிடக்கும். மருந்து உள்ளே போனால் எத்தனை நாள் நிற்கும், யார் வாய்க்குப் போகும் என்று யோசிக்கிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது. மரத்தை நினைத்த மாதிரியே தொட்டியையும் நினைத்துவிட்டேன்.

துளசி ஒரு வாரத்தில் எழுந்து நின்றுவிட்டது. பூச்சி உதிர்ந்துபோய், துளிர் விட்டு, இலை கருகருவென்று பளபளத்தது. உன் அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "வேப்பெண்ணெய் தடவுனேன்லா, பாத்தியளா, எப்படி வந்துட்டுன்னு" என்றாள். அவள் தடவிய வேப்பெண்ணெயால்தான் பிழைத்தது என்று நினைத்துக்கொண்டாள். நானும் சிரித்துக்கொண்டு, உன் கைராசி என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். அவள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டேன், செல்வம். அதைவிடக் கேவலமான காரணம் வேறு இருக்க முடியாது. இரண்டு நாள் கழித்துப் பேச்சிக்கு நெஞ்சில் சளி கட்டியது. விடிந்தும் விடியாமலும் உன் அம்மா துளசி இலையைப் பறித்து, இரண்டு தண்ணீர் கழுவி, சட்டியில் லேசாக வாட்டிக் கசக்கிப் பிழிந்து பாலாடையில் புகட்டினாள். பிள்ளை கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டது. மருந்து நன்றாகக் கேட்டிருக்கிறது என்று நினைத்து, எழுந்ததும் இன்னொரு தடவை கொடுத்திருக்கிறாள். நான் தோட்டத்தில் இருந்தேன். ஆள் வந்து கூப்பிட்டு நான் ஓடிவந்தபோது பிள்ளை வாயில் எச்சில் வடிந்துகொண்டே இருந்தது, கை கால் துவண்டு போயிருந்தது.

அம்பாசமுத்திரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம், நீ கார் பின்னாலேயே கொஞ்சதூரம் ஓடிவந்தாய். டாக்டர் பிள்ளையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார், "வீட்டுல பூச்சிமருந்து ஏதாவது வச்சிருக்கீங்களா? பிள்ளை கைபட்டிருக்குமா? எங்கயாவது தெளிச்சீங்களா?" என்று. அந்த நொடியில் எனக்குத் தொட்டி தெரிந்தது, அரைத் தம்ளர் தெரிந்தது, பளபளத்த இலை தெரிந்தது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரவில்லை, மொத்தமாகத் தெரிந்தது. "இல்ல சார்" என்றேன். உன் அம்மா அழுதுகொண்டே, "துளசிச்சாறு மட்டும்தான் சார் குடுத்தேன், வேற ஒண்ணுமே குடுக்கல" என்றாள். அவர் அவளைப் பார்த்து, "நல்லாப் பாத்துத்தான் பறிச்சீங்களா? வேற எந்த இலையும் கலக்கலையே?" என்று கேட்டார். அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள். பிறகு, "எனக்குத் தெரியலையே சார், வெளிச்சம் சரியா வரலையே" என்றாள். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததும் என் மனதில் ஒரு மூலையில் நிம்மதி வந்தது. பிள்ளை மேசையில் கிடக்கிறாள், எனக்கு நிம்மதி வருகிறது. இதை நான் எந்தச் சாமியிடமும் சொன்னதில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

உடனே திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லி ஏதோ ஒரு ஊசியைப் போட்டு அனுப்பினார். வீரவநல்லூர் தாண்டினோம். சேரன்மகாதேவி தாண்டினோம். பிள்ளை அம்மா மடியில் கிடந்தது, நான் முன்சீட்டில் இருந்தேன். வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கலாம், ஒரு கடையில் நிறுத்தி அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருக்கலாம், இன்ன மருந்து உள்ளே போயிருக்கிறது என்று ஒரு துண்டுத்தாளிலாவது எழுதிக் கையில் வைத்திருக்கலாம். திருநெல்வேலியில் சொல்லிக்கொள்ளலாம், பெரிய டாக்டரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்குள்ளேயே வாக்கியத்தைக் கட்டிக்கொண்டு வந்தேன். பத்தமடை கிட்டே வரும்போது உன் அம்மா, "ஏங்க, பிள்ளைக்கு மூச்சு இல்லங்க" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் பேச்சி பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அந்த விஷத்துக்கு மாற்று மருந்து உண்டு என்று பின்னால் கேள்விப்பட்டேன். அது அன்றைக்கு அங்கே இருந்ததா, போட்டிருந்தால் போதுமானதாக இருந்திருக்குமா என்று இன்றுவரை எந்த டாக்டரிடமும் நான் கேட்டதில்லை. பதில் பிடிக்காமல் போய்விடுமே என்ற பயம்தான்.

வண்டியைத் திருப்பி அம்பாசமுத்திரத்துக்கே கொண்டுபோனோம், பிள்ளையை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன். பாசத்தில் செய்கிறான் என்று எல்லாரும் என் தோளைத் தட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் உன் அத்தை வந்தவர்கள் நடுவில் நின்று, "என்னத்தப் பறிச்சாளோ, எதப் புகட்டுனாளோ, பெத்த பிள்ளைக்கே எமனாயிட்டாளே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். யாரோ பின்கட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். அவர்களுக்கு முன்னால் நான் போனேன். கழிவுத் தண்ணீர் போகிற ஓரத்தில் ஊமத்தை இரண்டு மூன்று முளைத்திருந்தது, தொட்டியிலிருந்து நாலு அடி தள்ளி. அதில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உன் அம்மா அந்தச் செடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துளசி இலைக்கும் ஊமத்தை இலைக்கும் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும், அவள் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் நான் கொண்டுவந்து போட்டதால் நம்பினாள். நான் பொய் சொல்ல மாட்டேன் என்பது அவளுக்கு அவ்வளவு உறுதி.

மறுநாள் துளசியை வேரோடு பிடுங்கித் தோட்டத்துக்குக் கொண்டுபோய் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். கால்வாயில் விட்டால் கீழே குளிக்கிறவர்களுக்கு ஆகாது என்று நினைத்துத்தான் புதைத்தேன். அந்தப் புத்தி அன்றைக்கு எனக்கு எங்கிருந்து வந்தது பார். அந்த வருஷத்தோடு வாழையை விட்டேன். காற்றில் பாதித் தோட்டம் சாய்ந்துவிட்டது, இனி இதில் ஒன்றும் இல்லை என்று உன்னிடமும் ஊரிடமும் சொன்னேன். காற்று அடித்தது உண்மை, சாய்ந்தது பத்து மரம். அந்த ஊசியைக் கையில் எடுக்க முடியவில்லை, அதுதான் காரணம். பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்புச் சாமான்களை எண்ணி வைக்கிற வேலைக்கு வந்தேன், உங்களையும் கூட்டிக்கொண்டு வந்தேன். வந்த பிறகுதான் உறைத்தது, இந்த வீட்டு வாசலில் போகிற ரோடு அந்தக் கார் வந்துகொண்டிருந்த அதே ரோடு. அன்றைக்கு இந்த இடம் வரைக்கும்கூட நாங்கள் வந்து சேரவில்லை.

உன் அம்மா எதைச் சமைத்தாலும் முதல் உருண்டையைத் தான் தின்றுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நமக்குப் போடுவாள் என்று நீ கேலி பண்ணுவாயே. "எம்மா, நீ தின்னது போக மிச்சம்தானா எங்களுக்கு?" என்பாய். அவள் ருசி பார்க்கவில்லை, செல்வம். தனக்கு ஏதும் ஆகிறதா என்று காத்திருந்தாள். கல்லிடைக்குறிச்சியில் ஆரம்பித்தது, இன்றைக்குக் காலை வரைக்கும் அப்படித்தான். யார் வீட்டுப் பிள்ளை அழுதாலும் தூரத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டுதான் பார்ப்பாள். திமிர் பிடித்தவள் என்று பேட்டையில் அவளுக்குப் பெயர். பத்தாம் வகுப்பில் நீ ஒரு நாள் காய்ச்சலோடு படுத்திருந்தாய், அவள் கஞ்சியைத் தன் வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீ கோபத்தில், "பேச்சியக் கொன்னது போதாதா, என்னயும் பட்டினி போட்டுக் கொல்லப் போறியா?" என்று கத்தினாய். நான் அறையில்தான் இருந்தேன். "வாய மூடுல" என்று ஒரு அதட்டு அதட்டினேன். அவ்வளவுதான் என் வீரம். அவள் கஞ்சியை உன் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நீ அன்றைக்குச் சொன்னதற்கு நீ பொறுப்பில்லை. அந்தச் சொல்லை உன் வாயில் வைத்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன சொல்லும் அப்படித்தான், பாதி உன்னுடையது, பாதி என்னுடையது.

அப்பாவாக இருந்து உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை, இருந்தாலும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். துளசியை வை, தண்ணீரில் போட்டு நீயும் மருமகளும் குடியுங்கள், கும்பிடு, நிழலில் காயவைத்து டப்பாவில் போட்டு வை. கடையில் வாங்கின செடி என்றால் அவர்கள் என்ன தெளித்து விற்றார்கள் என்று உனக்குத் தெரியாது, அதனால் பழைய இலையையெல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டு, விதையிலிருந்து நீயே புதிதாக வளர்த்ததை மட்டும் வாயில் வை. பேத்திக்குச் சளி பிடித்தால் எந்தச் சாறும் வேண்டாம், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. டாக்டர் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல். அந்த நேரத்தில் உனக்கு அவமானமாக இருக்கும், சொல்லிவிடு. வீட்டில் நீ ஒன்றைச் செய்தால், அது எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், மருமகளிடம் சொல்லிவிட்டுச் செய். இது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. நான் ஒருதரம் வாயைத் திறந்து, "துளசில மருந்து ஊத்தியிருக்கேன், பறிச்சிராத" என்று சொல்லியிருந்தால் உனக்கு இன்றைக்கு ஒரு தங்கை இருப்பாள். என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நீ என்னோடு பேச வேண்டாம் என்று முடிவு செய்தாலும் எனக்கு அது நியாயமாகத்தான் படும். உன் அம்மாவிடம் பேசு. பிள்ளையை அவள் கையில் கொடு. அதை மட்டும் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பிவிட்டுப் பிறகு அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் ஒரு கோழைத்தனம்தான், உன்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்கிற வேலை. ஆகையால் இதுவரை எழுதியதை வைத்துவிட்டு, இன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அவளிடம் போனேன். வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் எங்கேயும் அவள் என்னை நிறுத்தவில்லை, கீரை உருவுவதையும் நிறுத்தவில்லை. ஊமத்தைச் செடியைப் பிடுங்கிவந்து போட்டதைச் சொன்னபோதுதான் கை நின்றது. "எவ்வளவு ஊத்துனிய?" என்று கேட்டாள். அரைத் தம்ளர் என்றேன். "அப்பம் நான் சரியாத்தான் பறிச்சிருக்கேன்" என்றாள். ஆமா என்றேன். அவள் என்னை அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள், தெருவைக் கூட்டுவாள் என்று காத்திருந்தேன், அதற்கெல்லாம் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் மடியில் கிடந்த ஈர்க்குகளைப் பொறுக்கி ஒரு பக்கமாக வைத்தாள். "அவனுக்கு எழுதுதியளா?" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "போன்ல அவன் சொன்னத எழுதிறாதிய, பிள்ளை சங்கடப்படுவான்" என்றாள். அதை ஏற்கனவே எழுதிவிட்டேன் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு எழுந்து, கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நிலைப்படியில் நின்று, என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள், "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இன்னொரு பிள்ள பெத்திருப்பேன்லா. இந்தக் கையில வேண்டாம்னுதான விட்டேன்."

அன்றைக்கு அவளுக்கு இருபத்தெட்டு வயது.

அப்பா